ஜெயில் வார்டர் வேலை: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறைத்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, முதல் தலைமைக் காவலராக ஓய்வு பெற்று, இப்போது காரிமங்கலத்தில் இருக்கிறேன். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் வீடு என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். காலையில் மைதானத்துப் பையன்கள், சாயங்காலம் அவர்களைப் பெற்றவர்கள், ராத்திரி போனில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், சில நாள் அவர்களின் வீட்டுக்காரம்மாக்கள். சந்தேகம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, நான் சொல்லும் பதிலை எழுதி வைத்திருக்கிறேன். எண்ணிக்கையும் விதியும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். விண்ணப்பம் போடும்போது அந்த ஆண்டு அறிவிப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.

ஜெயில் வார்டர்னா போலீஸ்தானே சார்? காக்கி போடறாங்களே?

காக்கி ஒன்றுதான், துறை வேறு. இரண்டும் உள்துறையின் கீழ் வருகின்றன. நம்முடையது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. கைது, வழக்கு விசாரணை, பந்தோபஸ்து எல்லாம் போலீஸ் பார்ப்பது. கோர்ட் அனுப்பி வைத்த ஆளைக் கோர்ட் சொல்லும் நாள் வரை பத்திரமாக வைத்திருப்பது நாங்கள். கைதியை வேனில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகிறார்களே, அந்த வழிக்காவல்கூட ஆயுதப்படை போலீசின் வேலைதான்.

ஆண்களுக்கான மத்திய சிறைகள் மாநிலத்தில் ஒன்பது: புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை. நமக்குப் பக்கம் சேலம். இதுபோக மாவட்டச் சிறைகள், கிளைச்சிறைகள் உண்டு. ஊரில் 'சப் ஜெயில்' என்று சொல்வது கிளைச்சிறையைத்தான்.

பத்தாவது போதும்னு சொல்றாங்க, நெஜமா? வயசு, ஒசரம் எவ்ளோ கேப்பாங்க?

பத்தாவது தேர்ச்சி போதும். ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலை போலீஸ், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே பரீட்சை.

வயது 18 முதல் 26 வரை. பி.சி., எம்.பி.சி. பிரிவுக்கு 28, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37, முன்னாள் ராணுவத்தினருக்கு 47 வரை போகலாம். உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159. எஸ்.சி., எஸ்.டி. பிரிவில் முறையே 167, 157. ஆண்களுக்கு மார்பளவு 81, மூச்சை இழுத்துப் பிடித்தால் 86 வரவேண்டும். வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததை நம்பிவிடாதீர்கள். 169 இருக்கும் பையன் ஒரு வருடம் படித்துப் பரீட்சையில் தேறி, அளக்கும் இடத்தில் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். முதல் வேலையாகச் சரியான அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள்.

பரீட்சை எப்படி வரும்? மார்க்கு எப்படிப் போடறாங்க?

முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்வி. அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். இந்த மார்க் மொத்தத்தில் சேராது. அடுத்தது முதன்மைத் தேர்வு, 70 மார்க்: பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றதும் பயப்பட வேண்டாம். எண் வரிசை, உறவு முறை, திசை என்று அறிவுக்கூர்மைக் கணக்குகள்தான் அதில் அதிகம்.

உடல்திறன் போட்டிக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழுக்கு 6. ஆக மொத்தம் 100. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தலைமையாசிரியர் தரும் சான்றிதழ் வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறிப் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டிவரும். கடைசி வாரத்தில் போய் நின்றால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார். இப்போதே வாங்கி வையுங்கள்.

நாங்க ஓசூர்ங்க, வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம். தமிழ்ப் பரீட்சைல போயிடுமா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. இந்தப் பயம் அவர்களுக்கு வருவது நியாயம்தான். ஆனால் அந்தத் தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கும். தினமும் ஒரு மணி நேரம் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்து, ஒரு பக்கம் பார்த்து எழுதினால் நாலைந்து மாதத்தில் கை வந்துவிடும். பேச்சுத் தமிழ் தெரியும், எழுத்து தடுமாறும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பத்தாவதில் தமிழை ஒரு பாடமாகவே எடுக்காதவர்கள் வேலைக்கு வந்த பிறகும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தமிழ் மொழித் தேர்வில் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லையோரச் சிறைகளுக்குத் தெலுங்கும் கன்னடமும் மட்டுமே பேசும் கைதிகள் வருவார்கள். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவன் சொல்வது பக்கத்தில் நிற்கும் காவலருக்குப் புரிந்தால் அதுவே ஓர் உயிர். உங்கள் வீட்டு மொழியைக் குறையாக நினைக்காதீர்கள்.

ஓட்டம் நல்லா ஓடறான், கயிறுதான் ஏற மாட்டேங்கறான். என்ன பண்றது?

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடித்தால்தான் அடுத்த கட்டம். நம் பக்கத்துப் பிள்ளைகள் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள், ஓட்டத்தில் பெரும்பாலும் தவறுவதில்லை. கயிற்றில்தான் தவறுகிறார்கள். காரணம் எளிது: கையை மட்டும் நம்புகிறார்கள்.

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் தினமும் ஐந்தாறு அடி ஏறியதும் கை நடுங்கி இறங்கிவிடுவான். உள்ளங்கை தோலெல்லாம் உரிந்திருந்தது. ஒரு நாள் அவனைத் தரையிலேயே உட்கார வைத்துக் காலை மட்டும் பழக்கினேன். கயிறு வலது தொடையின் உள்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி, பாதத்தின் மேல் வந்து விழ வேண்டும். அதை இடது பாதத்தால் மிதித்து அழுத்தினால் கயிற்றின் மேலேயே நிற்கலாம். கை ஓய்வெடுக்கும். நின்று, முழங்காலை மேலே இழுத்து, மறுபடி மிதித்து நிற்க வேண்டும். பத்து நாள் தரையில் உட்கார்ந்தே இதைச் செய்தான். பதினோராவது நாள் உச்சியைத் தொட்டுவிட்டு, இறங்க மனசில்லாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தான்.

எத்தனை எடம் போடுவாங்க? இதுக்குன்னு காத்திருக்கலாமா?

சிறைக் காவலர் பணிக்கு 2022 அறிவிப்பில் 161 இடம், 2023-ல் 86, 2025-ல் 180. மூன்று துறையும் சேர்த்து 2023-ல் 3,359 இடம் என்றால் அதில் நம் பங்கு 86தான். அதிலும் பெண்களுக்கு மூன்றே மூன்று. ஆகவே சிறைத்துறைக்கு என்று தனியாகக் காத்திருக்காதீர்கள். மூன்றுக்கும் சேர்த்துத் தயாராகுங்கள். விருப்ப வரிசை கேட்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் குறிக்காமல், கீழே 'உள்ளே என்ன வேலை' என்ற பதிலைப் படித்துவிட்டு நிதானமாக முடிவு செய்யுங்கள்.

ஒருத்தர் அஞ்சு லட்சம் குடுத்தா வாங்கித் தர்றேங்கறார். ஆளு நல்ல ஆளுதாங்க.

கொடுக்காதீர்கள். பரீட்சை, ஓட்டம், உயரம் எல்லாம் பதிவாகி, பட்டியல் வெளியே வரும் தேர்வு இது. உங்கள் பையன் தானாகவே தேறினால் 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்பார். தேறாவிட்டால் அந்த ஆள் ஊரில் இருக்க மாட்டார். நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்தவர்கள் என் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

திருவிழா தகராறுல பையன் மேல ஒரு கேஸ் போட்டாங்க, விடுதலை ஆயிடுச்சு. விண்ணப்பத்துல எழுதணுமா?

கட்டாயம் எழுத வேண்டும். போலீஸ் சரிபார்ப்பில் எப்படியும் தெரிந்துவிடும். வழக்கு இருந்ததைவிட அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாக நிற்கும். மறைத்தவர்களை எப்படி நடத்துவது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் அவ்தார் சிங் வழக்கில் விரிவாகவே சொல்லியிருக்கிறது. வழக்கின் தன்மை, வயது, எப்படி விடுதலை ஆனது என்பதையெல்லாம் துறை பார்க்கலாம். ஆனால் உண்மையை எழுதியவனுக்குத்தான் வாதாடவே இடம் இருக்கும்.

'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று தீர்ப்பில் இருந்தால் சிக்கல் வரும். குற்றமே இல்லை என்று முழுமையாக விடுதலை ஆவதும் இதுவும் ஒன்றல்ல. தீர்ப்பு நகலை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். சித்தப்பா மேல், மாமா மேல் கேஸ் இருந்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் கேட்பது உங்கள் மேல் உள்ள வழக்கைத்தான்.

திருநங்கைங்க எழுதலாமா சார்?

எழுதலாம். உச்ச வயது 31. நம் தர்மபுரிக்கே இதில் ஒரு பெருமை உண்டு. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடி, சப்-இன்ஸ்பெக்டர் ஆகி, 2017-ல் பொறுப்பேற்றது தர்மபுரி மாவட்டத்தில்தான். போலீசில் திறந்த கதவு அது. அந்த வழியாகத்தான் மற்றவர்களும் வருகிறார்கள்.

டிகிரி முடிச்சிருக்கேன். நேரா ஆபீசரா போக முடியாதா?

போகலாம். உதவி சிறை அலுவலர், சிறை அலுவலர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தனி அறிவிப்பு விடும். சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலர் பணி குரூப் 2 தேர்வில் வரும். சமூகப்பணி, உளவியல் படித்த பிள்ளைகள் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். காக்கி போடாமல் கைதியின் குடும்பத்தோடும் ஊரோடும் பேசுகிற வேலை அது.

அதிகாரிகளுக்குப் பயிற்சி வேலூரில், சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிலகத்தில். 1979-ல் தொடங்கியது. தென் மாநிலங்கள் சேர்ந்து நடத்துகின்றன. கேரளத்து ஆளும் கர்நாடகத்து ஆளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

கைக்கு எவ்வளவு வரும்?

சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 வரை. புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படை 18,200. அகவிலைப்படி 2025 ஜூலை முதல் 58 சதவீதம், அதாவது 10,556. இரண்டும் சேர்ந்து 28,756. இதற்கு மேல் வீட்டு வாடகைப்படியும் மற்ற படிகளும் ஊரைப் பொறுத்து. குவார்ட்டர்ஸில் இருந்தால் வாடகைப்படி கிடையாது. ஓய்வூதியப் பங்களிப்பு, மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி என்று பிடித்தம் போகும். ஓய்வு வயது 60. ஓசூர் கம்பெனியில் ஓவர்டைம் சேர்த்து இதே பணம் வருகிறதே என்பார்கள். முதல் வருடம் வரலாம். பதினைந்தாவது வருடத்தையும் மனசில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

போஸ்டிங் தர்மபுரியிலயே வாங்கிடலாமா? பொண்ணு குடுக்கறவங்க கேக்கறாங்க.

முதல் போஸ்டிங் ஊருக்குள் வரும் என்று எண்ணிக் கல்யாணம் பேசாதீர்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் மத்திய சிறை இல்லை. கிளைச்சிறையில் ஆட்கள் குறைவு, இடமும் குறைவு. சேலம் கிடைத்தால் நல்லது. புழல், கோவை, வேலூர் என்றும் போக வேண்டியிருக்கும். காவலர் குடியிருப்பு கட்டுவது 1981-ல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். போலீஸ், தீயணைப்பு, சிறை மூன்று துறைக்கும் அதுதான் கட்டுகிறது. சிறைக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் மனைவி மக்களோடு இருக்கலாம். ஆனால் அலாரம் அடித்தால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓட வேண்டும். பெண் வீட்டாரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

உள்ள என்னதாங்க வேலை? என் பையன் யாரையும் அடிக்கணுமா, தூக்குல போடணுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து கேட்டது இது. யாரையும் அடிக்கக் கூடாது, அடித்தால் உங்கள் மகன்தான் கோர்ட்டில் நிற்பான் என்றேன். தூக்கு என்பது தமிழ்நாட்டில் கடைசியாக நடந்தது 1995-ல், சேலம் மத்திய சிறையில். அதற்குப் பிறகு இல்லை.

வேலை முழுக்க எண்ணுவதும் கவனிப்பதும்தான். விடிந்ததும் திறந்து எண்ண வேண்டும், பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பூட்ட வேண்டும். சமையல்கட்டு, மருத்துவமனை, தொழிற்கூடம், மனு பார்க்கும் இடம், கேட், டவர், ராத்திரி பாரா என்று மாறி மாறி வரும். மனு என்றால் குடும்பத்தார் வந்து கைதியைப் பார்ப்பது. கூட்டம் சேரும் நாளில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணை ஒரு வார்த்தை அன்பாகச் சொல்லி உட்கார வைப்பதும் வேலைதான்.

ஒரு சாயங்காலம் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. மூன்று தடவை எண்ணினோம். ஷிப்டு முடிந்தவர்கள் யாரும் வெளியே போக முடியாது. கணக்குச் சரியாகும் வரை கேட் திறக்காது. ஒரு மணி நேரம் கழித்து, தையல் கூடத்தில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தோம். ஜுரம், உடம்பு கொதித்தது. இளம் காவலர் ஒருவர் அவரைத் திட்டப் போனார். மூத்தவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினார். காலையிலேயே ஜுரமாக இருந்திருக்கிறது. எண்ணும்போது தலையை மட்டும் எண்ணினோம், முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிறகு நான் முகத்தைப் பார்த்துத்தான் எண்ணினேன்.

ஜாதி பார்த்து பிளாக் பிரிப்பாங்களாமே? வேலையும் அப்படித்தான் குடுப்பாங்களாமே?

2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில், சிறையில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் ஆளைப் பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. பழைய பழக்கத்தைச் சொல்லி யாராவது உங்களை அப்படிச் செய்யச் சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

பொம்பளப் புள்ளய ஜெயில் வேலைக்கு அனுப்பலாமாங்க?

தாராளமாக அனுப்பலாம். பெண் கைதிகளைப் பார்த்துக்கொள்வது பெண் காவலர்கள்தான். புழல், வேலூர், திருச்சி போன்ற இடங்களில் பெண்கள் தனிச்சிறை இருக்கிறது. கைதியான தாயோடு ஆறு வயது வரை குழந்தையும் இருக்கலாம் என்பதால், காவலர் வேலையோடு பால்வாடி வேலையும் சேர்ந்து வரும். பெண் கைதிகளின் நிலையை ஆராய்ந்த நீதிபதி கிருஷ்ணய்யர் குழு, போலீசில் பெண்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று 1987-லேயே சொன்னது. அதைச் சொன்ன பிறகும் சிறைத்துறையில் ஓர் ஆண்டில் மூன்று இடம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். உடன் வேலை செய்பவரோ மேலதிகாரியோ தவறாக நடந்தால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் கொடுப்பது முக்கியம்.

கைதி நல்லா பழகறான், ஒரு போன் பண்ணிக் குடுன்னு கேக்கறான். பாவமா இருக்கே?

பாவமாகத்தான் இருக்கும். பழகுங்கள், பேசுங்கள். ஆனால் செல்போன், பீடி, சீட்டு என்று எதையும் கை மாற்றாதீர்கள். 1894-ம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 42-வது பிரிவு அதைக் குற்றம் என்கிறது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை. வேலை அதற்கு முன்பே போய்விடும். வீட்டில் பேச வேண்டும் என்றால் சிறைக்குள்ளேயே தொலைபேசி வசதி இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் எழுத உதவுங்கள். அந்த உதவிக்கு யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

அதே சட்டத்தின் 9, 10-வது பிரிவுகளையும் வீட்டில் சொல்லி வையுங்கள். கைதியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது, சிறைக்குப் பொருள் சப்ளை செய்யும் காண்டிராக்டில் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கு இருக்கக் கூடாது. 'மச்சான் பேரில் காய்கறி டெண்டர் எடுக்கலாமா' என்று கேட்டவருக்கும் இதே பதில்தான். சொந்தக்காரர் யாராவது கைதியாக வந்துவிட்டால் அன்றே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்து, வேறு பிளாக்கில் டூட்டி கேளுங்கள்.

லீவே குடுக்க மாட்டாங்களாமே?

கொடுக்கக் கூடாது என்று யாரும் நினைப்பதில்லை. ஆள் இல்லை, அதுதான் காரணம். தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள் என்று கணக்கில் இருக்கும். கையில் கிடைப்பதுதான் கஷ்டம்.

2016-ம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது. கேட்க நன்றாக இருக்கும். 600 பேர் உள்ள சிறைக்கு 100 காவலர் முழுசாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒரு ஷிப்டுக்கு 33. அதில் லீவில் இருப்பவர், ஆஸ்பத்திரிக் காவல், கேட், டவர், ஆபீஸ் போக, பிளாக்குகளுக்குள் நிற்பவர் இருபது பேர்தான் தேறுவார்கள். இதில் காலியிடமும் சேர்ந்தால் மீதியை நீங்களே கணக்குப் போடலாம். ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவர் தொடர்ந்து அடுத்த ஷிப்டும் நிற்கிறார். அவர் களைத்துப்போய்க் கைதியிடம் எரிந்து விழுகிறார். சிறைக்குள் நடக்கும் பாதிச் சண்டைக்கு மூலம் இந்தத் தூக்கமின்மைதான் என்பது என் அனுபவம். அதனால் ஆளெடுப்பு என்பதைக் காவலருக்கு வேலை கிடைக்கும் விஷயமாக மட்டும் நான் பார்ப்பதில்லை, கைதியின் நலனும் அதில்தான் இருக்கிறது.

லீவை வாயால் கேட்காதீர்கள். தங்கச்சி கல்யாணம், கோயில் திருவிழா மாதிரி முன்கூட்டியே தெரிந்ததை ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். டூட்டி போடும் தலைமைக் காவலருக்கும் அது உதவியாக இருக்கும்.

மூணு மாசமா தூக்கம் இல்லண்ணா. யார்கிட்டயாவது சொன்னா பைத்தியம்னு வேலைய எடுத்துருவாங்களா?

இந்தப் போன் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வரும். ஒருமுறை தற்கொலை செய்துகொண்ட கைதியை இறக்கிய தம்பி ஒருவர், அதற்குப் பிறகு விளக்கை அணைத்துத் தூங்க முடியவில்லை என்றார். ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு அவர் குடிக்க ஆரம்பித்தது மட்டும்தான் தெரியும்.

வேலை போகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவு, பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அந்த வேலைக்கு உடல்நிலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். மனநோயும் அதில் அடங்கும். தூக்கமின்மை அந்த அளவுக்குப் போகும் முன்பே சரிசெய்யக்கூடியது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவில் சீட்டு போட்டுக் காட்டலாம்.

மாதிரிக் கையேடு 500 கைதிக்கு ஓர் உளவியலாளர் வேண்டும் என்கிறது. அது கைதிகளுக்கான கணக்கு. அந்த 500 பேரையும் பார்த்துக்கொண்டு நிற்கும் காவலருக்கும் ஒருவர் வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதுவரை, பக்கத்து டவரில் நிற்கும் ஆளை 'சாப்டியா, தூங்கினியா' என்று கேளுங்கள். அந்தத் தம்பி முதலில் வாய் திறந்தது அப்படி ஒருவர் கேட்ட பிறகுதான்.

பெரியவர் வீட்டுக்குப் போய் காய்கறி வாங்கித் தரச் சொல்றாங்க. மாட்டேன்னா என்னாகும்?

மேலதிகாரியின் வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே தமிழ்நாடு அரசு ஒழித்துவிட்டது. போலீசில் அது இன்னும் நடக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் கடுமையாகக் கண்டித்தது. நீங்கள் சம்பளம் வாங்குவது சிறையைக் காக்க. மறுத்தால் கசப்பு வரும், பொய் சொல்லவில்லை. நானும் ஒருமுறை மறுத்து, இரண்டு மாதம் தொடர்ந்து ராத்திரி பாரா பார்த்தேன். வாக்குவாதம் செய்யாமல், 'டூட்டி புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள், போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

மெமோ குடுத்துட்டாங்க, 17(பி)ன்னு போட்டிருக்கு. வேலை போச்சா?

போகவில்லை. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் 17(ஏ) சின்னத் தண்டனைக்கான நடவடிக்கை, 17(பி) பெரிய தண்டனைக்கானது. பெரியதற்கு முறையான விசாரணை நடத்தியாக வேண்டும். குற்றச்சாட்டு, சாட்சிகள், ஆவணங்கள் என்னென்ன என்று உங்களுக்குத் தர வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. பலர் செய்யும் தவறு, கோபத்தில் பதிலே கொடுக்காமல் விடுவது, அல்லது யாரோ சொன்னார்கள் என்று 'தவறுதான், மன்னிக்கவும்' என்று எழுதிக் கொடுப்பது. இரண்டும் வேண்டாம். கெடு தேதிக்குள், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

புடிக்கலண்ணா, நாளைக்கே விட்டுட்டு ஊருக்கு வந்துடறேன்.

வராதீர்கள். போலீசுக்கு வேறு விதி, நமக்கு 1894 சட்டத்தின் 54-வது பிரிவு இருக்கிறது. இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்புத் தராமல், அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனாலோ, லீவு முடிந்தும் வேண்டுமென்றே வராமல் இருந்தாலோ 200 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வழக்கு போடாவிட்டாலும் மெமோ வரும், அடுத்த அரசு வேலைக்கும் அது தடையாக நிற்கும். முதலில் மருத்துவ விடுப்பு எடுத்து, மேலே சொன்ன எண்ணில் பேசி, தூங்கி எழுந்து யோசியுங்கள். அப்புறமும் வேண்டாம் என்று தோன்றினால் முறையாக எழுதிக் கொடுத்து மரியாதையோடு வெளியே வாருங்கள்.

அவர் போயிட்டாருங்க, டூட்டில இருக்கும்போதே. புள்ளைக்கு வேலை தருவாங்களா? எங்க போய்க் கேக்கறது?

அம்மா, முதலில் தேதியைக் குறித்து வையுங்கள். கருணை அடிப்படை வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் இரண்டு வருடம் போனதே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு. பிள்ளைக்கு வயது வரவில்லை என்றால் நீங்களே உங்கள் பெயரில் கேட்கலாம். இடம் காலியாக வேண்டும், வரிசையும் உண்டு, ஆகவே சீக்கிரம் கொடுப்பது நல்லது.

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அவருடைய பணிப் பதிவேட்டின் நகல், வங்கிப் புத்தகம், எல்லோருடைய ஆதார், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் இவற்றை ஒரு பையில் போட்டு, கடைசியாக அவர் வேலை பார்த்த சிறையின் அலுவலகத்துக்குப் போங்கள். விண்ணப்பம் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் இல்லாமல் திரும்பி வராதீர்கள். குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, குடும்பப் பாதுகாப்பு நிதி மூன்றுக்கும் தனித்தனித் தாள் கேட்பார்கள். ஒரே நாளில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் முந்தின நாள் சொல்லுங்கள், காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், சேர்ந்தே போய்விட்டு வரலாம்.